விண்வெளிக்குப் போன தாய்மாமன்

போன வாரம் கூடலூரில் ஒருவர் தன் சாவுக்கு வந்த மாலையைத் தானே கையில் வாங்கிப் பார்த்தார். நல்ல கனமான மாலை. அதற்குக் காரணம் ஒரு விண்வெளிப் படை என்று சொன்னால் நம்புவீர்களா?

முதலிலிருந்து சொல்கிறேன்.

கோம்பையில் எனக்கு ஈஸ்வரன் என்று ஒரு நண்பன். திராட்சைத் தோட்டங்களில் மருந்தடித்துத் திரிந்த காலத்துப் பழக்கம். அவன் மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தான். தாய்மாமன் மடியில் வைத்துத்தானே குத்த வேண்டும்? அவன் மனைவிக்கு மூன்று அண்ணன்கள். பொதுக் கிணற்றில் யார் முறைக்கு யார் மோட்டார் போட்டது என்று மூவருக்கும் தகராறு. மூத்தவர் ராசாங்கம் கோபித்துக்கொண்டு, சின்னமனூரை விட்டு மாமனார் ஊரான கூடலூருக்கே போய்விட்டார். தம்பிகளோடு பேச்சு இல்லை.

"அவனுக வர்ற பந்தலுக்கு நான் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். பெரியண்ணன் மடி இல்லாமல் பிள்ளைக்குக் காது குத்தக் கூடாது என்று ஈஸ்வரன் மனைவியும் சொல்லிவிட்டாள். ஆசாரிக்குச் சொல்லியாச்சு, கிடாய் வாங்கியாச்சு... மடி மட்டும் கிடைக்கவில்லை.

ஈஸ்வரனுக்கு ஒரு யோசனை. சின்னமனூர் மெயின் ரோட்டில் ராசாங்கம் படத்தைப் பெரிதாகப் போட்டு ஃப்ளெக்ஸ் வைத்தால் மனசு இளகாதா?

இளகும். ஆனால் எங்கள் பக்கத்து ஃப்ளெக்ஸில் தாய்மாமனுக்குத் துணையாக ஒரு சினிமா நடிகர் நின்றாக வேண்டும். இந்த அண்ணன்களோ ஆளுக்கொரு நடிகருக்கு ரசிகர். எந்த நடிகரை வைத்தாலும் இரண்டு அண்ணன்கள் கிழிக்க வருவார்கள்.

"நீதான் கண்டதையும் படிக்கிற ஆளு. மன்றமே இல்லாத ஹீரோ யாராச்சும் இருந்தாச் சொல்லுப்பா" என்றான் ஈஸ்வரன்.

தேனி மாவட்டத்தில் ரசிகர் மன்றம் இல்லாத ஹீரோவா? இருந்தார்கள். என் பைக்குள்ளேயே இருந்தார்கள். வால்நட்சத்திரப் படை!

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டபின், கம்பம் டவுனில் ஒரு பழைய பேப்பர் குடோனில் வேலை பார்த்தேன். படுக்கையும் அங்கேதான், பேப்பர் கட்டுகளின் மேல். அங்கே எடைக்கு வந்த காமிக்ஸ்தான் இந்தப் படை. வரிசையாக வருமா? வராது. நான் முதலில் படித்த இதழில் தலைவன் செத்துக் கிடந்தான். அடுத்துக் கிடைத்ததில் கல்யாணம் செய்துகொண்டிருந்தான். படை எப்படி உருவானது என்று சொல்லும் முதல் இதழ் கடைசியாகத்தான் வந்தது — எலி கடித்த மூலையோடு.

அந்தக் கதை ரொம்ப எளிமை. சிறையிலிருந்து தப்பிய மூன்று பேர். சூரியன் அணைந்துபோன கிரகத்துக்காரன் ஒருவன், உடம்பெல்லாம் வெளிச்சம்; அவன்தான் தலைவன். விண்கற்களைப் பந்தாடும் பலசாலி ஒருவன். எந்தப் பூட்டையும் பார்வையிலேயே திறக்கிற திருடன் ஒருவன். யாருக்கும் யாரையும் பிடிக்காது. ஆனால் கப்பல் ஒன்றுதான். நடுவானில் இறங்கிப் போக முடியுமா? சேர்ந்தே இருந்தார்கள். அதற்குப் பெயர் படை.

பிறகு படை வளர்ந்தது. ரோபோ சேர்ந்தது, ராஜகுமாரி சேர்ந்தாள், படம் வரைகிறவர் மாறியதும் எல்லோருக்கும் திடீரென்று தோள் அகலமானது. ஆளுக்கொரு கப்பல் கிடைத்தவுடன் சண்டை போட்டுப் பிரிந்தார்கள். அவர்களை மறுபடி ஒன்றுசேர்க்க எழுதுகிறவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்... தலைவனைச் சாகடிப்பது! எல்லோரும் அழுதுகொண்டு ஓடி வருவார்கள். அடுத்த இதழில் அவன் எழுந்துவிடுவான்.

ஃப்ளெக்ஸ் கடைத் தம்பியிடம் ஒரு அட்டைப்படத்தைக் கொடுத்தேன். அசத்திவிட்டான். மேலே கருநீல வானம், நட்சத்திரங்கள். நடுவில் படைத் தலைவன் இருந்த இடத்தில் ராசாங்கம் மிதக்கிறார், தலைக்குப் பின்னால் ஒளிவட்டம். கீழே இரண்டு தம்பிகள். அவர்கள் படம் என்று ஈஸ்வரனிடம் இருந்தது ஒன்றுதான், யாரையோ வரவேற்றுக் கைகூப்பியபடி எடுத்தது. அதையே ஒட்டிவிட்டான். அதற்கும் கீழே 'காதணி விழா' என்று பெரிய எழுத்து.

காலையில் போர்டைக் கட்டிவிட்டு, தாம்பூலத் தட்டோடு நானும் ஈஸ்வரனும் கூடலூருக்குப் பஸ் ஏறினோம். நாங்கள் போனபின் ஒரு வாழைக்காய் லாரி அந்தப் போர்டுக்கு முன்னால் வந்து நின்றிருக்கிறது. எழுத்தெல்லாம் மறைந்துவிட்டது. லாரிக்கு மேலே தெரிந்ததைச் சின்னமனூரே பார்த்தது. வானத்தில் ஒளிவட்டத்தோடு அண்ணன். கீழே கும்பிட்டபடி தம்பிகள்.

நம் ஊரில் இப்படிப் படம் எதற்குப் போடுவார்கள்?

கூடலூரில் ராசாங்கம் பிடிகொடுக்கவே இல்லை. "மாப்ளே, ஒன்னய மதிக்கிறேன். அவனுக மூஞ்சில மட்டும் முழிக்கமாட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஜீப் நின்றது. இரண்டு தம்பிகளும் இறங்கினார்கள். சின்னவர் காலில் செருப்பு இல்லை. நடுவுலவர் கையில் மாலை.

ராசாங்கம் எழுந்து நின்றார். "யாருலே செத்தது?"

நடுவுலவருக்கு வாய் குழறியது. "நீங்கதாண்ணே."

"எப்ப?"

"காலைல... சின்னமனூர்ல போர்டு வச்சிருக்காக. நாங்களே கண்ணால பாத்தம். அதுல நாங்க கும்பிட்டுக்கிட்டு நிக்கிறம்."

ராசாங்கம் ஈஸ்வரனைப் பார்த்தார். ஈஸ்வரன் என்னைப் பார்த்தான். நான் ஜீப்பைப் பார்த்தேன்.

ராசாங்கம் மாலையை வாங்கிக் கையில் எடைபோட்டார். "உசுரோட இருந்தப்ப ஒரு டீ வாங்கிக் குடுத்திருப்பீங்களாலே?"

சின்னவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "நீங்க போயிட்டா நாங்க யாரோடண்ணே சண்டை போடுறது?"

ராசாங்கம் வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தார். "காப்பி போடு. சின்னவனுக்குச் சீனி கம்மியா."

ஈஸ்வரன் சத்தமில்லாமல் தாம்பூலத் தட்டை நீட்டினான். ராசாங்கம் எடுத்துக்கொண்டார்.

காதுகுத்து நடந்தது. பெரிய மாமன் மடியில் பிள்ளை கத்தியது, நடு மாமன் தலையைப் பிடித்தார், சின்ன மாமன் காலைப் பிடித்து உதை வாங்கினார். ஒரே கப்பலில் மூன்று பேர்!

நேற்று சின்னமனூர் போயிருந்தேன். அந்த ஃப்ளெக்ஸ் இப்போது பொதுக் கிணற்று மோட்டார் ரூம் கூரையில் கிடக்கிறது, மழை ஒழுகாமல். மூன்று பேரும் சேர்ந்து கட்டினார்களாம். முறைத் தகராறு தீர்ந்ததா என்று கேட்டேன். பேசிக்கொண்டிருக்கிறார்களாம் — கொஞ்சம் சத்தமாக.

படத்தை மட்டும் உள்பக்கம் திருப்பிக் கட்டச் சொன்னாராம் ராசாங்கம். வெளியே தெரிந்தால் இன்னொரு மாலை வந்துவிடுமே!