நன்றி எழுதிய கை

ஒஸ்லோவில் எங்கள் கடிதப் பெட்டிக்குள் கிடந்த ஆஸ்பத்திரித் தாளை நான்கு தரம் வாசித்தும் நம்பவில்லை. மகள் பிறக்கும்போது தோள் சிக்கி, இடது கை அசையாமல் போனதற்குத் தங்கள் கவனக்குறைவு காரணமாக இருக்கலாமாம். நட்டஈடு கேட்க எங்களுக்கு உரிமை உண்டாம். படிவத்தையும் ஆஸ்பத்திரியே அனுப்பியிருக்கிறது. சோழியன் குடுமி சும்மா ஆடுமா? "இதில் உங்களுக்கு என்ன லாபம்?" என்று அங்கே போய்த் தாதியிடம் நேரேயே கேட்டேன். நான் கட்டணத்தை விசாரிக்கிறேன் என்று நினைத்தாள் போலும். "இலவசம்," என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு என் சந்தேகத்தைக் கூட்டியது.

சந்தேகம் ஊரிலிருந்து கொண்டுவந்தது. பேசாலையில் என் அக்காவுக்குத் தலைப்பிள்ளை. ஆஸ்பத்திரியில் பகல் முழுக்க வலியில் கத்தினாள். எட்டிப் பார்க்க ஆளில்லை. நிரோசன் நீலம் பாரித்துப் பிறந்தான். இரண்டு உயிரும் தப்பியதே பெரிது என்று மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்தோம்; வார்டுக்குக் கருவாடு கொண்டுபோனோம். போதாததற்கு, வீட்டில் படித்தவன் என்று டொக்டருக்கு நானே கடிதம் எழுதினேன்: 'மாதாவுக்கு அடுத்தது நீங்கள்தான். ஒரு குறையும் இல்லாமல் பார்த்தீர்கள்.'

ஒரு வயதாகியும் பிள்ளைக்குக் கழுத்து நிற்கவில்லை. பிறக்கும்போது மூளைக்குக் காற்றுப் போகவில்லை என்றார் வேறொரு டொக்டர். சட்டத்தரணியிடம் ஓடினோம். இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடவேண்டும் என்று அவர் ஆஸ்பத்திரியின் பதிவுக் கோவையைக் கேட்டெடுத்தார். பிரசவக் குறிப்புகள் தொலைந்துவிட்டனவாம். என் கடிதம் மட்டும் பத்திரமாக இருந்தது.

"இதை எழுதினது ஆர்?"

"நான்தான், சேர்."

"வடிவா எழுதியிருக்கிறீர். இனி என்னத்தைச் சொல்லி வழக்காடுறது?"

வழக்குப் போடவில்லை. அக்கா என்னை ஏசவுமில்லை. ஏசியிருந்தால் ஆறியிருப்பேன்.

இப்போது இந்தப் படிவத்தைத் தொலைபேசியில் அவளுக்கு வாசித்தேன். "கையெழுத்து வாங்கிப்போட்டுக் கோவையை மூடப் பாக்கிறாங்கள் போல, அக்கா."

"விசர்க்கதை கதையாத. சட்டம் தெரிஞ்ச ஒராளிட்டக் காட்டிப்போட்டு நிரப்பு." பிறகு மெல்லக் கேட்டாள்: "தம்பி, அதில என்ர பிள்ளையின்ர பேரைப் போடவும் இடமிருக்கோ?"



சட்டம் தெரிந்த ஒருவரிடம் காட்டி, பிரதியும் எடுத்துக்கொண்டு நிரப்பினேன். கடைசியில், வேறு ஏதாவது சொல்ல விரும்பினால் எழுத இரண்டு வரி இடம். யோசிக்க முன்னமே கை 'நன்றி' என்று எழுதிவிட்டது. தாள் கிழியும்வரை அந்தச் சொல்லைப் பேனையால் வெட்டினேன்.

புதுப் படிவம் கேட்டுப் போனேன். எத்தனை வேண்டும் என்றாள் தாதி.

"இரண்டு," என்றேன்.

ஒன்றை அனுப்பிவிட்டேன். மற்றது நிரோசனின் பெயரோடு மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.