கதை அறையில் "ம்" கொட்டியது யார்?

நம்புகிறவர்கள் நம்பலாம். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இது நடந்தது, எனக்கே நடந்தது. நான் லிஃப்ட் மெக்கானிக். நடுவில் மாட்டிக்கொண்டவர்களிடம் போனில் "பயப்படாதீங்க, நான் இருக்கேன்" என்று சொல்லிச் சொல்லியே பதினோரு வருடம் ஓட்டியவன். பேய் பிசாசு எல்லாம் ஒயரிங் கோளாறு என்று வாய் கிழியப் பேசியவன்.

அன்று ஞாயிறு. மனைவிக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி. ஆறு வயது மகள் குட்டிமாவைக் கதை மியூசியத்துக்குக் கூட்டிப்போனேன். பழைய மாடி வீடு அது. பேசும் நரி, மந்திரக் கிணறு என்று அறைக்கு அறை கதைச் சாமான்கள். டிக்கெட் கொடுத்த அக்கா டோக்கனாக ஆளுக்கொரு மர வில்லை தந்தார். திரும்பும்போது மாடிப்படி அடியில் இருக்கும் பெட்டியில் போட வேண்டும். ஐந்தரைக்கு வில்லைகளை எண்ணுவார். எல்லாம் வந்திருந்தால் அறைகளைத் தாழிட்டுவிட்டுக் கிளம்புவார்.

குட்டிமாவுக்கு எந்த ஓட்டையைப் பார்த்தாலும் அதில் எதையாவது போட வேண்டும். மாடி ஏறும்போதே இரண்டு வில்லைகளையும் பெட்டிக்குள் தள்ளிவிட்டாள். திரும்பிப் போய் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சோம்பல்.

மாடியில் கடைசி அறையின் பெயர் கதை அறை. ஜன்னல் கிடையாது, தாழ்ப்பாள் வெளியே. நடுவில் ராட்சசனின் ஒற்றை பூட்ஸ், இரண்டு ஆள் நீளத்துக்குப் படுத்துக் கிடந்தது. குட்டிமா அதற்குள் நுழைந்துகொண்டாள். இழுக்கப் போன நானும் உள்ளே தவழ்ந்தேன். எங்கள் சிரிப்பு அந்தத் தடித்த தோலுக்குள்ளேயே அடங்கிவிட்டது.

மணி 5.32. விளக்கு அணைந்தது. தாழ்ப்பாள் விழுந்தது. நாங்கள் தட்டுத் தடுமாறி வெளியே வருவதற்குள் கீழே ஷட்டர் இறங்கும் சத்தம்.

கத்தினேன். கதவை இடித்தேன். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் திறக்கிறவனுக்கு ஒரு மரக்கதவு மசியவில்லை. போனில் இரண்டு சதவீதம் சார்ஜ். மீதியைக் குட்டிமாவின் கார்ட்டூன் தின்றிருந்தது. டிக்கெட்டில் இருந்த நம்பரை அழுத்தினேன்.

கைக்கடிகாரத்தின் ரேடியம் முள் 5.41 காட்டியது. கீழே... கவுன்டர் பக்கம்... ட்ரிங்... ட்ரிங்...

யாரோ எடுத்தார்கள்.

"நாங்க மாடியில மாட்டிக்கிட்டோம். கதை அறையில."

"ம்."

"குழந்தை பயப்படுது. சீக்கிரம் வாங்க."

"ம்."

போன் உயிரை விட்டது. யாரும் வரவில்லை.

குட்டிமா விசும்பினாள். மடியில் போட்டுக்கொண்டு வாய்க்கு வந்த கதையைச் சொன்னேன். ராட்சசன் வீட்டு லிஃப்டில் ஒரு குட்டி இளவரசி மாட்டிக்கொண்ட கதை. அவள் "ம்" கொட்டினாள். எங்கள் வீட்டில் "ம்" கொட்டினால்தான் கதை நகரும். கொஞ்ச நேரத்தில் அவள் உடம்பு தளர்ந்தது. தூங்கிவிட்டாள். கதையை அப்படியே விட்டு வாயை மூடினேன்.

"ம்."

கதவுக்கு வெளியே.

அக்காதான் வந்துவிட்டார் என்று நினைத்தேன். கதவைத் திறக்கச் சொன்னேன். தாழ்ப்பாள் மட்டும் மெதுவாக அசைந்தது. டக்... டக்... டக்...

பயத்தில் கதையையே உளறினேன். "இளவரசி அடுத்த மாடி பட்டனை அழுத்தினா..."

தாழ்ப்பாள் நின்றது.

"ம்."

புரிந்துவிட்டது. கதை நின்றால் அது உள்ளே வரும். வெளியே போகத் துடித்த நான், கதவு திறக்கவே கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

சொன்னேன். பத்தாவது மாடி... இருபதாவது...

"ம்."

இப்போது அறைக்குள்.

முப்பதாவது...

"ம்."

என் காதருகே.

குட்டிமாவின் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன். ஆழ்ந்த தூக்கத்தின் மூச்சு.

மணி 7.05. ஷட்டர் ஏறியது. படியில் ஓட்டம். கதவு திறந்தது. விளக்கு வெளிச்சத்தில் என் மனைவியும் டிக்கெட் அக்காவும் நின்றார்கள். அறையில் எங்களைத் தவிர யாரும் இல்லை.

மனைவி குழந்தையை வாரிக்கொண்டு அழுதாள். டியூட்டி முடிந்து வந்தவள், எங்களைக் காணாமல் மியூசியம் நம்பரைத் தேடிப் பிடித்து அழைத்திருக்கிறாள். நான் அக்காவிடம் பாய்ந்தேன். போனை எடுத்து "ம்" கொட்டிவிட்டுச் சும்மா இருந்தது யார் என்று கேட்டேன். அவர் தன் செல்போனை எடுத்துக் காட்டினார்.

"கவுன்டர்ல போனே இல்லைங்க. டிக்கெட்ல இருக்கிறது என் செல் நம்பர். இவங்க கால்தான் வந்துச்சு. உங்க கால் வரவே இல்ல."

அதோடு போயிருந்தால் ஒயரிங் கோளாறு என்றே இன்றும் சொல்லியிருப்பேன்.

மூன்று வாரம் கழித்து, பகல் 11.20. வேலையில் இருந்தேன். ஒரு லிஃப்டின் அவசர போனிலிருந்து அழைப்பு. பயப்பட வேண்டாம், நான் இருக்கிறேன் என்று வழக்கம்போல ஆரம்பித்தேன். உள்ளே எத்தனை பேர் என்று கேட்டேன்.

"ம்."

திரையில் கட்டடத்தின் எண்ணைப் பார்த்தேன். அந்த லிஃப்டை இரண்டு மாதம் முன்பே கழற்றி எடுத்தாகிவிட்டது. அதன் போன் ஒயரை வெட்டியவனே நான்தான்.

"யாரு?"

ஒரு சின்னப் பிள்ளையின் குரல், பொறுமையாகக் கேட்டது.

"முப்பதாவது மாடிக்கு அப்புறம்?"

சொல்லத் தொடங்கினேன். நிறுத்தினால் அது வரும். வீட்டில் குட்டிமா இருக்கிறாள், வேறென்ன செய்ய?