அம்மாவின் குரலைத் திருப்பிப் போட்ட கசெட்

போன கிழமை தெஹிவளையில் என் டிஜே நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு பெடியன் வந்து கேட்டான்: "அண்ணை, குரலைத் தலைகீழாப் போட்டீங்களே, உந்த ஐடியா யூரோப்பில பழகினதோ?" எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "வெள்ளவத்தையில பழகினது, தம்பி. பொலிசில பறிகொடுத்தது" என்றேன். அவன் பகிடி என்று நினைத்துச் சிரித்தான். நீங்களாவது கேளுங்கள்.

யுத்த காலம். கொழும்பு வெள்ளவத்தையில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடையொன்றில் வேலை செய்தேன். சூடேறிய நாடா மணமும் ஸ்பிரிட் மணமும் உடுப்பில் ஏறி, பஸ்ஸில் பக்கத்துச் சீட்காரர் மூக்கைச் சுளிப்பார். கடையில் இருந்த இரண்டு டெக்கையும் வைத்துக் கோயில் தவிலையும் சிங்கள பைலாப் பாட்டையும் ஒட்டிப் பார்ப்பேன். முதலாளி ஒருநாள் கேட்டுவிட்டு, "என்னடா இது, பாயாசத்துக்குள்ள கருவாடு" என்றார். எனக்கோ பெரிய கலைஞன் என்ற நினைப்பு. மீசைகூட ஒழுங்காக முளைத்திருக்கவில்லை!

நாங்கள் இருந்தது கடற்கரை ரயில் பாதைக்குப் பக்கத்து மாடிவீடு. தண்டவாளத்தடியில் நின்று கதையளக்கும் என்னை அம்மா மூன்றாம் மாடியிலிருந்து கூப்பிடுவார்: "தம்பீ, சோறு ஆறுது, வா மோனை!" ரயில் இரைச்சலையும் தாண்டி வரும் குரல். அதை ஒளித்திருந்து பதிந்தேன். கசெட்டைக் கழற்றி நாடாவைப் புரட்டிச் சுற்ற, குரல் பின்னாலிருந்து முன்னால் வந்தது. தவிலுக்கு மேலே அதைப் போட்டபோது எனக்கே புல்லரித்தது.

கொட்டாஞ்சேனையில் சிநேகிதன் அன்ரனின் அக்காவுக்குக் கல்யாணம். அங்கே போடத்தான் கொண்டுபோனேன். வழியில் பொலிஸ்காரர் பஸ்ஸை மறித்துச் சோதனை. அடையாள அட்டை சரி, கொழும்பில் தங்கும் தமிழர் எடுக்கவேண்டிய பொலிஸ் பதிவும் சரி. கசெட்டைத் தங்கள் செட்டில் போட்டுப் பார்த்தார்கள். பைலாவுக்கு ஒருவன் காலால் தாளம்கூடப் போட்டான். அம்மாவின் குரல் வந்ததும் கால் நின்றது.

"மே மொன பாஷாவத?" இது என்ன பாஷை என்று சிங்களத்தில் கேட்டான்.

என்ன பாஷை என்று சொல்ல? "மகே அம்மா, சேர்", என் அம்மாதான் என்றேன். கன்னத்தில் ஒன்று விழுந்தது. சங்கேதமாம்! சோறு ஆறுவதில் என்ன சங்கேதம், விசரன்களே?

என்னை ஸ்டேஷனில் அடைத்துவைத்து, அடுத்தநாள் அம்மாவையும் அங்கே கூப்பிட்டார்கள். குரலை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். மேசைக்கு முன்னால் நிற்கவைத்து, என்னைக் கூப்பிடுவது போலக் கூப்பிடச் சொன்னார்கள். ரயிலை வென்ற குரல் அங்கே காற்றாகத்தான் வந்தது. "ஹயியென்!" என்று அதட்டினான் ஒருவன். அம்மா சத்தமாகச் சொன்னார். இன்னொருமுறை. பிறகும் ஒருமுறை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் மாட்டேன். பின்னேரம் என்னை விட்டார்கள், கசெட்டை விடவில்லை.

அதன்பிறகு அம்மா என்னைக் கூப்பிடவே இல்லை. வருத்தக்கார முழங்காலோடு மூன்று மாடியும் இறங்கி, தண்டவாளத்தடிக்கு வந்து என் தோளைத் தொடுவார்.

"ஏனம்மா இறங்கி வாறீங்கள்? மேல நிண்டு கூப்பிடுங்கோவன்!" என்று கத்துவேன்.

"வேண்டாம் தம்பி. ஆராவது கேப்பினம்."

சண்டை முடிந்த பிறகும் அப்படித்தான், சாகும்வரை. இன்று அந்த மாடிவீடும் இல்லை. என் கணினியில் உலகத்துச் சத்தமெல்லாம் இருக்கிறது, வெள்ளவத்தை ரயில்கூட இருக்கிறது. அம்மா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டது மட்டும் இல்லை.