நானூறு மணி நேர லேம்ப்

எங்கள் வீட்டில் விளக்கு அணைந்துவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மலையேறிவிட்டது என்றுதான் சொல்வார்கள். நைனா விசைப்படகில் டிரைவர். அவர் கடலுக்குப் போனால், படகு காசிமேட்டுக்குத் திரும்பும்வரை அம்மா சாமி மாடத்து விளக்கைக் குளிர விட மாட்டாள். நாலு நாளானாலும் ஐந்து நாளானாலும் எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருப்பாள். நான் எண்ணூர் சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் காலை ஷிஃப்ட் கேட் கிளார்க். படித்தவன், இதையெல்லாம் நம்பாதவன் என்று தலையை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். அந்தத் திமிரை ஒரு பழைய புரொஜக்டர் வந்து இறக்கியது.

என் மனைவி புளியந்தோப்புக்காரி. கல்யாணமாகி நாலு வருடத்தில் இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்தது. மூன்றாவது தங்கி ஐந்தாம் மாதம் வந்தபோது, டாக்டரம்மா கர்ப்பப்பை வாயில் தையல் போட்டு, பிரசவம்வரை படுக்கையைவிட்டு எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். பாத்ரூமுக்கு மட்டும் மெதுவாக நடக்கலாம். "எழுந்து நடமாடினா, அப்புறம் என்னைக் கேக்காதீங்க" என்றார். இரண்டாவது முறை போனதற்கு நான்தான் காரணம் என்று எனக்குள் ஒரு முள் இருந்தது. அவள் ஆசைப்பட்டாள் என்று பைக்கில் உட்காரவைத்து, டிரெய்லர் லாரிகள் உழுது போட்ட சாலையில் சினிமாவுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அதனால் இல்லை என்று டாக்டரம்மா எத்தனையோ தடவை சொன்னார். நான் நம்பவில்லை.

அவளோ எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் மெஷின் மிதித்தவள், மிதிக்கிற கால்களோடே பிறந்தவள் மாதிரி. சும்மா படுத்துக் கிடப்பது அவளுக்குத் தெரியாத வேலை. திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக் கூரை ஆஸ்பெஸ்டாஸ். பத்தாவது நாள் நான் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்: "இந்த ஷீட்டுல ஐம்பத்திரெண்டு மடிப்பு கீதுய்யா. இன்னொருவாட்டி எண்ணுனா எனக்குப் பைத்தியம் புடிச்சிடும்."

அந்தக் கூரையைப் பார்த்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அவளைத் தியேட்டருக்குக் கூட்டிப் போக முடியாது. தியேட்டரை அவள் தலைக்கு மேலே கொண்டுவரலாம்.

ரிச்சி தெருவில் பழைய மெஷின்கள் விற்கும் ஒரு பாய் கடை. கம்பெனி மீட்டிங்குகளில் ஓடிக் களைத்த புரொஜக்டர்களை அங்கே அடுக்கி வைத்திருந்தார்கள். பாய் முதலில் ஒன்றைப் போட்டுக் காட்டினார். சுவரில் வெயில் அடித்த மாதிரி வெளிச்சம். லேம்ப் புதுசு. எனக்கு வாயில் எச்சில் ஊறியது. உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த நிமிடம் நான் மனைவியை நினைக்கவில்லை. ஒரு தோஸ்த்திடம் இருந்த வீடியோ கேம் பெட்டியையும், அந்தச் சுவரில் நான் ஓட்டப்போகும் காரையும்தான் நினைத்தேன்.

"எவ்ளோ தூரம் கீது ரூம்பு?" என்று பாய் கேட்டார்.

தரையில் வைத்து மேலே பார்க்க வேண்டும், துணி கட்டினால் நடுவில் ஆறடிதான் இருக்கும் என்றேன். அவர் சிரித்தார். "ஆறடியில இத வெச்சா துண்டு அகலத்துக்குத்தான் படம் வரும். பன்னெண்டு அடியாவது தள்ளி வெக்கணும். உனுக்கு கிட்ட வெச்சாலும் பெருசா காட்டுற ஷார்ட் த்ரோ வோணும்." உள்ளே போய் இன்னொன்றை எடுத்துவந்தார். லென்ஸ் முட்டைக்கண் மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. அதை மேஜைமேல் ஆறடியில் வைத்தார். சுவரில் கட்டில் அகலத்துக்குப் படம் விரிந்தது. வெளிச்சம் சுமார்தான், நிறம் கொஞ்சம் வெளிறியிருந்தது. ஆனால் பெரிய படம்.

மெனுவைத் திறந்து லேம்ப் கணக்கைக் காட்டினார். இன்னும் நானூறு மணி நேரம். "நேரா நிமிர்த்தி வெச்சா இன்னும் சீக்கிரம் பூடும். கரண்டு டக்குனு போனாலும் லேம்ப்புக்கு ஆவாது, ஃபேன் நின்னு சூடாயிடும். புது லேம்ப்பு வெளிநாட்லேர்ந்து வரணும், மாசக்கணக்குல ஆவும். யோசிச்சிக்க."

நான் யோசித்தேன். பிரசவத்துக்கு நாலு மாதம். நாளைக்கு மூன்று மணி நேரம் ஓடினால் நானூறு போதும். அந்தக் கணக்குப் போட்ட அதே நொடியில், எனக்குத் தெரியாமலே, லேம்ப்பையும் பிள்ளையையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டேன்.

கர்ப்பிணி இருக்கிற வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது என்று அம்மா தீர்த்துச் சொல்லிவிட்டாள். அதனால் நைனா ஆணியே இல்லாமல் வேலையை முடித்தார். இரண்டு வெள்ளை வேட்டிகளைச் சேர்த்துத் தைத்து, வலை பின்னும் நைலான் நூலால் கூரைச் சட்டங்களில் இழுத்துக் கட்டினார். படகில் பார்க்கிற அதே முடிச்சுகள். மீன் கிரேடு என்கிற பிளாஸ்டிக் பெட்டிக்குள் துணியைத் திணித்து அதில் புரொஜக்டரை மல்லாக்க நிறுத்தினேன். ஓட்டை ஓட்டையாக இருப்பதால் காற்று போகும். கட்டிலோரத்தில் வைத்து, சன்னலுக்குத் தார்ப்பாய் போட்டு மூடினோம். மதியம் மூன்று மணிக்கு எங்கள் வீட்டில் இருட்டிவிட்டது.

முதல் நாளை நினைத்தால் இப்போதும் எனக்குக் கண் சொக்குகிறது. வெளிச்சம் தூசியைத் தூக்கிக்கொண்டு மேலே போனது. துணியில் ஒரு பாட்டு ஓடியது. தார்ப்பாய் இடுக்கில் நுழைந்த கடல்காற்று துணியை உப்பச்செய்து இறக்கியது. கதாநாயகியின் முகம் மூச்சு விட்டது. மலைகளெல்லாம் மெல்ல அசைந்தன. தூரத்தில் ஏதோ கப்பல் ஊதியது, அது படத்துக்குள்ளிருந்து வந்ததா வெளியிலிருந்து வந்ததா என்று தெரியவில்லை. அம்மாவும் நைனாவும் கீழே பாயில், நான் கட்டில் விளிம்பில். நாலு பேரும் மல்லாந்து, கருவாட்டுக்குக் காயப்போட்ட மீன் மாதிரி வரிசையாகக் கிடந்தோம். தூங்குகிறோமா விழித்திருக்கிறோமா என்றே தெரியாத ஒரு நேரம் அது.

"இன்னாய்யா, ஹீரோயின் வரசொல்லோ எல்லாம் சங்கரா மீன் நாத்தம் அடிக்குது" என்றாள் மனைவி. சூட்டில் மீன் கிரேடு தன் குணத்தைக் காட்டிவிட்டது. அவள் வயிறு குலுங்காமல் சிரிக்கப் பாடுபட்டாள்.

பிறகு கேம் பெட்டி வந்தது. தலைமாட்டில் இரண்டு தலையணை வைத்துக்கொண்டு அவள் கார் ஓட்டினாள். ரோடு துணியின் ஒரு ஓரத்தில் பிறந்து அவள் நெற்றிக்கு நேரே பாய்ந்து வரும். அம்மாவுக்குத் தலை சுற்றும், கண்ணை மூடிக்கொண்டு, "முடிஞ்சிச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். நைனாவுக்கோ கார் என்றால் படகுதான். "வளைவு வந்தப்புறம் திருப்புனா எப்படிம்மா? முன்னாடியே சுக்கான ஒடிக்கணும்" என்பார். அவர் சொன்னபடி ஒடித்து அவள் என்னைத் தோற்கடித்தாள். ஒரு முறை இல்லை, தினமும்.

இதெல்லாம் ஒரு மாதம். அதற்குப் பிறகு எனக்குப் பேய் பிடித்தது.

மெனுவில் லேம்ப் கணக்கைப் பார்க்க ஆரம்பித்தேன். நிமிர்த்தி வைத்ததாலோ என்னவோ, படத்தின் ஒரு மூலை மங்கத் தொடங்கியிருந்தது. போதாததற்குக் கரண்டு வேறு. பக்கத்தில் அனல் மின் நிலையம், சாம்பல் எங்கள் கொடித் துணியில், கரண்டு யாருக்கோ. ஒவ்வொரு முறை டக்கென்று போகும்போதும் நான் விசிறியை எடுத்துக்கொண்டு ஓடிப் புரொஜக்டருக்கு வீசினேன். புழுக்கத்தில் கிடந்த கர்ப்பிணிக்கு வீசவில்லை. மூன்று மணி நேரத்தை ஒன்றரையாக்கினேன். பிறகு ஒரு மணி. ஏழாம் மாதம் வளைகாப்பு போட்ட வாரத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றேன். படம் நல்ல கட்டத்தில் இருக்கும்போது நிறுத்துவேன். கேட்டால், "மெஷின் சூடாவுது" என்பேன்.

ஒரு நாள் டியூட்டி முடிந்து வந்தபோது அவள் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை கதவு நிலையில், ஒரு கை வயிற்றில். தெருவில் போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா தண்ணி லாரிக்குப் போயிருந்தாள்.

எனக்குக் கோபம் மூக்குமேல்தான் இருக்கும். கத்தினேன். உனக்கு அறிவு இருக்கிறதா, இதுவும் போகட்டும் என்று நினைக்கிறாயா என்று சொல்லக் கூடாததையெல்லாம் சொன்னேன். அவள் மெதுவாக நடந்து வந்து படுத்தாள். பிறகு மேலே துணியைக் காட்டினாள்.

"காலைலேர்ந்து இதத்தான் பாத்துகினு கீறேன். படம் ஓடலைன்னா இது இன்னாய்யா? பொணத்து மேல போத்துற துணி மாதிரி கீது. எந்திரிக்காம இன்னா பண்ணுவேன்?"

நான் புரொஜக்டரைத் திரும்பிப் பார்த்தேன்.

"நீ லேம்ப்ப காப்பாத்துறியா, என்னக் காப்பாத்துறியா?"

அப்போதுதான் உடைந்தேன். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். "பயமா கீதுமே. அது நின்னுச்சின்னா…"

"சொல்லாத" என்றாள். என் தலையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நீ படிச்சவன்தான? லேம்ப்பு வேற, புள்ள வேற. போய்ப் போடு."

போட்டேன். அன்றிலிருந்து கணக்குப் பார்க்கவில்லை. அவள் கேட்கும்வரை ஓடியது. மங்கிய மூலை பெரிதானது. சாயங்காலம் போலவே எல்லாப் படமும் நடந்தது. அவளும் அசையாமல் கிடந்தாள், சில நாள் கண் திறந்தபடியே தூங்கினாள் என்று நினைக்கிறேன்.

எட்டாம் மாதம் தொடங்கியிருந்த ஒரு மதியம், அவள் நூறு முறை பார்த்த ஒரு பழைய படம் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணனும் தங்கையும் திருவிழாக் கூட்டத்தில் பிரிந்து பாதிக் கதை ஆகியிருந்தது. கரண்டு போய் உடனே வந்தது. நான் மறுபடி போட்டேன். படம் வந்தது, தங்கை ரயிலில் ஏறினாள், பட்டென்று ஒரு சத்தம். பட்டாசு வெடித்த மாதிரி. பிறகு இருட்டு.

அம்மா எழுந்து உட்கார்ந்ததும், அவள் வாய் திறந்ததும், மலையேறிவிட்டது என்ற அந்த வார்த்தையைச் சொல்லாமல் புடவை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டதும் எனக்கு இருட்டிலும் தெரிந்தது. நைனா சாமி மாடத்துப் பக்கம் திரும்பினார். போச்சு என்றுதான் நினைத்தேன். படித்தவன், கிளார்க், எல்லாம் அந்த நொடியில் எங்கோ போயிருந்தது.

"யோவ்" என்றாள் மனைவி. "கைய குடு."

கொடுத்தேன். வயிற்றின் இடது பக்கம் அழுத்தி வைத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து ஒரு உதை. என் உள்ளங்கையில், கதவைத் தட்டுகிற மாதிரி. மறுபடியும் ஒன்று.

"சத்தத்துல முழிச்சிகினு பேஜார் பண்ணுது பாரு" என்றாள். அம்மாவின் கையையும் பிடித்து இழுத்து அங்கே வைத்தாள். அம்மா சத்தம் போட்டு அழுதாள்.

நான் எழுந்து தார்ப்பாயை விலக்கப் போனேன். "வுடு, வெளிச்சம் வோணாம்" என்றாள். "வந்து படு. பாதிப் படம் கீதுல்ல."

படுத்தேன். அவள் மேலே துணியைப் பார்த்தபடி சொன்னாள். "இப்போ அவ ரயிலுக்குள்ள போறா. கூட்டம். ஒக்கார எடம் இல்ல. ஒரு அம்மா நவுந்து எடம் குடுக்குது." காற்றில் துணி உப்பி இறங்கியது.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு அம்மா கேட்டாள்: "அப்பாலிக்கா இன்னா ஆச்சு?"

மகள் பிறந்தது அதற்கு இரண்டு மாதம் கழித்து, நாள் நிரம்பி. அதுவரை என் மனைவி ஒரு தடவைகூட வாசற்படிக்கு வரவில்லை. தினமும் மூன்று மணிக்கு நான் தார்ப்பாயை மூடுவேன். அவள் வெறும் துணியைப் பார்த்துப் படம் சொல்லுவாள். நாங்கள் மூன்று பேரும் கீழே மல்லாந்து படுத்துப் பார்ப்போம்.