குடும்பப் பெயர்ப் பெட்டி

“வாப்பா, உங்கட பேரில ஒரு ஆய்வுக் கட்டுரை இரிக்கி” என்றாள் ஜெனூபா.

அச்சிமுகம்மது சம்மாந்துறை வயல்களில் அறுவடை மெஷின் ஓட்டுகிறவர். சோறு பிசைந்த கையை நிறுத்தினார். “நான் என்ன புள்ள எழுதின? கையெழுத்துப் போடவே ரெண்டுதரம் யோசிக்கிற மனிசன்.”

“வயல் மண்ணில உப்பு ஏறுறதப் பத்தி.”

“அது உண்மதான், ஏறுது” என்று சொல்லிவிட்டு அவர் மீனை எடுத்தார். அடுக்களையில் உம்மா சிரித்தாள். ஜெனூபாவால் சிரிக்க முடியவில்லை.

கட்டுரை அவளுடையது. இரண்டு போகம் அவருடைய மெஷினுக்குப் பின்னால் நடந்து மண் அள்ளி எழுதியது. சஞ்சிகைக்கு அனுப்பும்போது படிவத்தில் இரண்டு பெட்டிகள் இருந்தன: பெயர், குடும்பப் பெயர். இந்தக் கிழக்குக் கரையில் யாருக்கும் குடும்பப் பெயர் கிடையாது. வாப்பாவின் பெயர்தான் முதலெழுத்தாக முன்னால் நிற்கும். பெட்டியை வெறுமையாக விட்டால் படிவம் நகராது. எல்லாரும் செய்வதுபோல அவளும் வாப்பாவின் பெயரை அதற்குள் போட்டாள். விண்ணப்பங்களில் அ. ஜெனூபாவாக இருப்பவள், அச்சில் ஜெ. அச்சிமுகம்மது ஆனாள்.

இப்போது அவள் ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தற்காலிக விரிவுரையாளர் பதவி கேட்டு எழுதியிருந்தாள். அங்கே விண்ணப்பங்களை முதலில் படிப்பது ஒரு செயற்கை நுண்ணறிவு. எந்தக் கட்டுரை யாருடையது, எந்த ஆண்டு, எந்தச் சஞ்சிகை என்று அது ஒரு தேடல் கருவியைக் கேட்கும். கருவி பதில் சொல்லும். கருவி சொன்ன பதில்: ஜெனூபா என்பவர் எதுவும் எழுதவில்லை. பதினான்கு நாள்களுக்குள் நிரூபிக்கும்படி கடிதம் வந்தது.

அந்தக் கருவிக்குத்தான் அவள் இரண்டு வருடமாக வேலை செய்கிறாள்.

கல்முனைப் பெரிய வீதியில் புடவைக் கடைக்கு மேல் மாடியில் ஒன்பது பெண்கள் இருக்கிறார்கள். கருவி திரட்டிய பதிவுகள் திரையில் வரும். சரி, பிழை, ஐயம் என்று மூன்று பொத்தான்கள். ஐயத்தை அடிக்கடி அமத்தினால் புள்ளி குறையும், ஒப்பந்தம் நீளாது. ஐயம் கொள்வதற்குத் தண்டனை தரும் இடத்தில் அறிவு எப்படி வளரும் என்று யாரும் கேட்டதில்லை. அவள் சேர்ந்த முதல் மாதத்தில் ஒரு கேள்வி வந்தது: உங்கள் பகுதியில் குடும்பப் பெயர்ப் பெட்டிக்குள் இருப்பதைக் குடும்பப் பெயராகவே கொள்ளலாமா? பட்டதாரி என்பதால் மேற்பார்வையாளர் கிருசிகா அதை அவளிடம் தள்ளினாள். அந்தக் கிழமை ஜெனூபா ஏற்கெனவே இரண்டு ஐயம் அமத்தியிருந்தாள். சரி என்று அமத்தினாள். அதுவே கருவிக்கு விதியானது.

கடிதம் வந்த மூன்றாம் நாள், பிறப்புச் சான்றிதழ், அச்சிட்ட கட்டுரை, வாப்பா மூன்றையும் கூட்டிக்கொண்டு பல்கலைக்கழகம் போனாள்.

“தங்கச்சி, நான் உங்கள நம்புறன்” என்றார் அதிகாரி. “ஆனா விண்ணப்பக் கோவையில கருவி தந்த இந்த அறிக்கையத்தான் வைக்கலாம்.”

“சேர், கட்டுரைய ஒருக்காத் திறந்து பாருங்களன். என்ட மின்னஞ்சல் முதல் பக்கத்திலயே இரிக்கி.”

“நாங்க பாத்துச் சொன்னா பக்கச்சார்பு எண்டுவாங்க.”

“அப்ப சேர்,” என்றார் அச்சிமுகம்மது, “கட்டுர என்டதெண்டா அந்த வேலைய எனக்குத் தாங்களன்.”

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். கட்டுரையைத் தொடவில்லை. சுவரில் அவருடைய கலாநிதிப் பட்டம் தொங்கியது. தகட்டில் எழுதிக் கட்டினால் காய்ச்சல் போகும் என்று நம்புகிறவனைப் படிக்காதவன் என்கிறோம். கையருகே கிடக்கும் தாளைப் புரட்டாமல் இயந்திரம் சொன்னதை நம்புகிறவருக்குச் சுழல்நாற்காலி கொடுத்திருக்கிறோம்.

மறுநாள் கல்முனை மாடியில், எல்லாவற்றையும் கேட்ட கிருசிகா கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்: “விதிய மாத்தலாம் ஜெனூ. ஆனா சரி எண்டு அமத்தின ஆளே, நான் பிழையாச் சொன்னன் எண்டு எழுதிக் குடுக்கணும். குடுத்தா நீ பாத்த பதிவெல்லாம் ரத்து. பிறகு உன்ன வச்சிருக்க மாட்டாங்க.”

“என்னைப் போல எத்தின பேர்?”

கிருசிகா தட்டிப் பார்த்தாள். “இந்தக் கரையில மட்டும் முந்நூற்றிப் பதினொண்டு.”

பட்டியல் ஓடியது. நடுவில் ஒரு பெயரில் ஜெனூபாவின் கண் நின்றது. றி. ஸைனுலாப்தீன். வகுப்பில் பக்கத்தில் இருந்த றிபா. போன வருடம் இதே பதவிக்குப் போட்டு, ஏன் என்று தெரியாமலே தள்ளப்பட்டவள். மருதமுனை வீட்டில் அவள் அழுதபோது ஜெனூபாதான் முதுகைத் தடவிச் சொன்னாள்: “நஸீபு இல்ல போல, விடுகா.”

நஸீபுமில்லை, விதியுமில்லை. இந்த விரல்.

“வடிவா யோசிச்சியா?” என்றாள் கிருசிகா, அவள் எழுதத் தொடங்கியதும்.

“யோசிக்காமத்தானே அண்டைக்கு அமத்தின.”

பகல் உணவுக்கு முன்னமே பதில் வந்தது. பிழை ஒப்புதல் பெறப்பட்டது, திருத்தம் அடுத்த பதிப்பில், தொண்ணூறு நாள்களுக்குள். பல்கலைக்கழகக் கடிதத்தின் தவணையில் மிச்சம் பத்து நாள். அவள் இரண்டாம் முறை வாசிக்குமுன் திரை அவளை வெளியேற்றிக் கடவுச்சொல் கேட்டது. பழைய கடவுச்சொல்லை அது ஏற்கவில்லை.

படியிறங்கி, புடவைக் கடை வாசலில் நின்று றிபாவுக்குப் போன் எடுத்தாள்.

“றிபா, போன வருஷம் நஸீபு எண்டு சொன்னனே. அது பொய். அது நான்தான் புள்ள.”

முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். வீதியில் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. மறுமுனையில் றிபா போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.