விசாலாட்சி நிராகரித்த இரண்டு மூட்டைகள்

விசாலாட்சி சம்மதம் சொல்லிவிட்டுத்தான் போனார் என்று நம் குடியிருப்பில் சிலர் பேசுகிறார்கள். அது தவறு. கூரை வெப்பத்தைத் தடுக்க வந்திறங்கிய மூட்டைகளுக்கு அவர் சம்மதம் தரவே இல்லை. அருகில் இருந்தவள் நான்.

அவர் மறைந்த செய்தியை அவர் மகள்தான் ஆஸ்பத்திரியிலிருந்து சொன்னாள். "அம்மா போயிட்டாங்க ஆன்ட்டி." அரை மணி நேரத்தில் சங்கச் செயலாளர் என் கதவைத் தட்டினார். ஆறுதல் சொல்ல வந்தார் என்று நினைத்தேன். "இனிமே வேலையை ஆரம்பிச்சிடலாம் இல்லையா மேடம்?" என்றார். அந்த அவசரம் எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

முகப்பேரில் மேல்மாடியில் இருப்பவர்களுக்குக் கோடையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கூரைக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் நடுவே எதையாவது நிரப்பினால் சூடு இறங்காது என்றார்கள். மூன்று மாதிரிகள் வந்தன: தெர்மாகோல் மணிகள், பொரிபோல் பொரிந்த வெள்ளைக் கல்துகள், தீப்பிடிக்காமலிருக்க மருந்து கலந்து பஞ்சாக அரைத்த பழைய காகிதம். ஆவடியில் பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலையில், வரும் சரக்கைப் பரிசோதிக்கும் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர் விசாலாட்சி. மூன்றையும் என் சமையலறைக்குக் கொண்டுவந்து, இடுக்கியில் பிடித்து அடுப்பில் காட்டினார். தெர்மாகோல் உருகிச் சொட்டியது. கல்துகள் எரியவில்லை, ஆனால் தண்ணீர் ஊற்றி நிறுத்துப் பார்த்துவிட்டு, "ஒழுகுற மாடி நம்மது. இந்தக் கனத்தை சீலிங் தாங்காது" என்றார். காகிதம் ஓரத்தில் கருகித் தானே அணைந்தது. "நனையுறது இதுக்கும் உண்டு. முதல்ல மாடி விரிசலை அடைக்கணும். ஆனா இது லேசு."

காகிதத்துக்குச் சம்மதம் கேட்டுச் சங்கம் தந்திருந்த ஒப்புதல் கடிதத்தில் நான் உடனே கையெழுத்திட்டேன். அதை வாங்கிப் பார்த்தார். "கான்வென்ட் கையெழுத்து, அழகாத்தான் இருக்கு மேடம். ஆனா நீங்க பார்த்தது ஒரு பிடி. வரப்போறது நாற்பது மூட்டை." இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை.

மூட்டைகள் வந்த அன்று காண்ட்ராக்டரின் ஆள் ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்தார். விசாலாட்சி அதைத் தொடவில்லை. "நீ தூக்கிட்டு வந்தது வேணாம்ப்பா. கீழ வந்து நான் காட்டுறதைப் பிரி."

"இன்னாம்மா, பொண்ணு பாக்க வந்தா மாதிரி பாக்குற! அல்லாம் ஒரே சரக்குதான் கீது."

"பொண்ணுன்னா ஒண்ணைப் பார்த்தாப் போதும். இது நாற்பதாச்சே."

அந்த ஆளே சிரித்துவிட்டார். கீழே போனதும் விசாலாட்சி, அடியில் கிடந்த இரண்டு மூட்டைகளைப் பிரிக்கச் சொல்லி, ஒவ்வொன்றிலும் ஒரு பிடி எடுத்து முற்றத்தில் வைத்துத் தீக்குச்சி காட்டினார். இரண்டும் குப்பென்று எரிந்தன. மருந்து கலக்காத வெறும் காகிதம். இதை நிரப்பப்போகும் சீலிங் இடைவெளியில்தான் நம் வீட்டு மின்கம்பிகள் ஓடுகின்றன. அதற்குக் கீழேதான் நாம் தூங்குகிறோம். இரண்டு மூட்டைகளிலும் நீலச் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டார். "இதை மாத்தினா மட்டும் போதாது. மீதியையும் பிரிச்சுக் காட்டணும்" என்றார். மூன்றாம் நாள் அவருக்கு மூச்சுத்திணறல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்து, கீழே போய்ப் பார்த்தேன். நாற்பது மூட்டைகளும் இருந்தன. எதிலும் குறி இல்லை. ஆனால் ஒன்றில் ஈரத்துணியால் துடைத்ததுபோல் ஒரு வெளிறல். தையலோரத்தில் நீலத் தூள். என் கண்ணுக்கு எழுபத்தாறு வயது என்பதையும் சொல்லிவிடுகிறேன். செயலாளரிடம் கேட்டேன். "மாத்திட்டாங்க மேடம். அவங்களே ஓகே சொல்லிட்டாங்க" என்றார். எங்கே வைத்துச் சொன்னார், ஐ.சி.யூ.விலா என்றேன். அந்த நேரம் பார்த்து அவருக்கு ஒரு போன் வந்தது.

என் கணவர் போன பிறகு, தனியாக இருக்கும் கிழவி எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறாள் என்பார்களோ என்று பல இடங்களில் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். விசாலாட்சி கேட்பார்: "கேட்டா என்ன மேடம், கோவிச்சுக்குவாங்களா? கோவிச்சுக்கட்டும்." அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தத் துணிச்சலைத்தான். என் ஒப்புதலை இந்தக் கடிதத்தின் மூலம் திரும்பப் பெறுகிறேன்.

செயலாளர் அவர்களுக்கு: அந்த இரண்டு மூட்டைகளை எந்தத் தேதியில், யார் எடுத்துச் சென்றார்கள்? மீதி முப்பத்தெட்டை யார் பிரித்துப் பார்த்தார்கள்? வேலை தொடங்கும் முன் எனக்கு எழுத்தில் பதில் தாருங்கள்.