மேல் லேபிளில் ஓர் அடையாளம்

நானும் என் தோழியும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் ஒரே பெஞ்சில் இருந்து படித்தவர்கள். படிப்பு முடிந்ததும் நான் பெங்களூரில் ரூட்டர் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தேன். அவள் ஊரிலேயே ஒரு தனியார் சோலார் நிறுவனத்தில் மின் பொறியாளர் ஆனாள். மகன் பிறந்த பிறகு, வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு நான் ராஜபாளையம் வந்துவிட்டேன். மாடி அறை முழுக்க ரூட்டர்களும் வயர்களும்தான். மகனுக்கு அங்கே வரத் தடை.

தோழியின் சோலார் நிலையம் தேவதானத்துக்கு மேற்கே இருக்கிறது. அங்கிருந்து மின்கம்பி தென்னந்தோப்புகளைக் கடந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வெளியே உள்ள அவர்களின் இன்னொரு நிலையத்துக்கு வரும். கம்பி எங்காவது அறுந்தால் இரண்டு முனையிலும் மின்சாரம் ஒரே நேரத்தில் நிற்க வேண்டும். அதற்காக ஒரு முனையின் பாதுகாப்புக் கருவி மறுமுனைக்கு ‘நிறுத்து’ என்று செய்தி அனுப்பும். அந்தச் செய்தி போகிற பாதையில் இருந்தவை எங்கள் கம்பெனி ரூட்டர்கள்.

ஓர் ஆடிக் காற்றில் தென்னை சாய்ந்து கம்பி அறுந்தது. தேவதானம் முனை உடனே நின்றது. மறுமுனை தாமதமாக நின்றது. தாமதம் என்றால் கண் இமைக்கிற நேரம்தான். ஆனால் அதற்குள் ஈரத் தரையில் மின்சாரம் பாய்ந்து, தோப்பில் கட்டியிருந்த கன்றுக்குட்டி செத்துப்போனது.

தோழி அன்றைக்கே என்னை அழைத்தாள். அவள் குரல் வழக்கம்போல இல்லை.

“ஏட்டி, கன்னுக்குட்டியோட போச்சு. தண்ணி பாய்ச்சுதவுக நின்னுருந்தா என்ன ஆயிருக்கும்? செய்தி ஏன் பிந்தி வருதுன்னு நீதான் பாத்துச் சொல்லணும்.”

பார்த்தேன். ரூட்டர்கள் பழுதாகவில்லை. செய்திகள் சின்னச் சின்னப் பாக்கெட்டுகளாகப் போகும். ஒவ்வொன்றின் மேலும் வழி சொல்லும் லேபிள்கள் அடுக்கடுக்காக இருக்கும்; ஒவ்வொரு லேபிளும் ஓர் எண்தான். ரூட்டர் மேல் லேபிளைப் படித்து, அதை எடுத்துவிட்டு அடுத்த இடத்துக்கான புது லேபிளைப் போட்டு அனுப்பும். பாதுகாப்புக்காக ‘நிறுத்து’ செய்தியை இரண்டு வழிகளில் இரண்டு நகலாக அனுப்பியிருந்தோம். முதலில் வருவதை மறுமுனை ரூட்டர் எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிட வேண்டும். ஆனால் இது எந்தச் செய்தி, எத்தனையாவது என்கிற விவரம் அடுக்கின் அடியில் இருந்தது. வழியிலுள்ள ஒவ்வொரு ரூட்டரும் அடிவரை போய்த் தேடிய பிறகுதான் இது அவசரம் என்று கண்டுகொண்டது. அதுவரை அந்தச் செய்தி, அதே பாதையில் போகும் நிலையக் காவல் கேமரா படங்களோடு வரிசையில் நின்றது.

அந்த விவரத்தை மேல் லேபிளுக்கு நேர் கீழே கொண்டுவந்துவிட்டு, மேல் லேபிளிலேயே ஓர் அடையாளம் வைத்தால் தேடவே வேண்டாம் என்று தோன்றியது. மாடியில் செய்து பார்த்தேன். முதல் ரூட்டர் பார்த்த உடனே அனுப்பியது. இரண்டாவது ரூட்டரில் மறுபடி பழைய கதை. லேபிளை மாற்றும்போது என் அடையாளமும் சேர்ந்து போய்விட்டது. பெங்களூரில் இருந்த என் மேலாளர், ரூட்டருக்குள் இருக்கும் சிப்பையே மாற்றாமல் இது நடக்காது என்று சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தோழி வீட்டுக்கு வந்தாள். நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டாள்.

“புது லேபிளுக்கு நம்பர் யாரு குடுக்கா?” என்று கேட்டாள்.

“அந்தந்த ரூட்டரே எடுத்துக்கிடும்.”

“அப்ப அவசரத்துக்குன்னு கொஞ்சம் நம்பரை ஒதுக்கி வச்சிரு. எத்தனை தடவ மாத்துனாலும் அதுக்குள்ளருந்துதான் எடுக்கணும். நம்பரே அடையாளமாயிரும்லா. பொறவு அது எப்படி அழிஞ்சு போவும்?”

எத்தனையோ நாள் நான் முட்டிக்கொண்டு நின்ற இடம் அது. நான் அடையாளத்தை லேபிளோடு ஒட்ட வைக்கப் பார்த்தேன். அவள் லேபிளையே அடையாளமாக்கிவிட்டாள். அடுத்து வந்த நாட்களில் அதை நிரலாக எழுதி முடித்தேன். சிப்பைத் தொடவில்லை.

சோதனையன்று அவள் தேவதானம் நிலையத்தில் நின்றாள், நான் ஸ்ரீவில்லிபுத்தூர் நிலையத்தில். எல்லாக் கேமராக்களின் படத்தையும் ஒரே நேரத்தில் அனுப்பச் சொல்லிப் பாதையை வேண்டுமென்றே நெரித்தோம். பெங்களூரிலிருந்து மேலாளரும் வந்திருந்தார். தோழி போனில் “செய்திய விடுதேன்” என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் வெளியே மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் ‘டமார்’ என்று திறந்தது. திரையில் பார்த்தால் செய்தி எங்கேயும் வரிசையில் நிற்கவே இல்லை. இரண்டாவது நகல் வந்ததும் ரூட்டர் அதைத் தள்ளிவிட்டிருந்தது. மேலாளர் இன்னொரு முறை செய்யச் சொன்னார். பிறகு இன்னொரு முறை. அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, சிப் பற்றித் தான் சொன்னது தவறு என்றார். அதை அவர் எல்லார் முன்னாலும் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்த ஆடியில் அதே மின்பாதையில் சேத்தூர்ப் பக்கம் நிஜமாகவே கம்பி அறுந்து விழுந்தது. இரண்டு முனையும் ஒன்றாக நின்றன. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தச் செய்தியைத் தோழி சொன்னபோது நான் மகனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வாய் அவனுக்கு ஊட்டி, மறு வாயை என்னையறியாமல் நானே சாப்பிட்டேன்.

கம்பெனி இந்த முறையைக் காப்புரிமைக்கு அனுப்ப முடிவு செய்தது. கண்டுபிடித்தவர் என்று என் பெயரை மட்டும் போட்டிருந்தார்கள். தோழி வேறு நிறுவனம் என்பதால் சிக்கல் வரும் என்றார்கள். சிக்கலைத் தீர்க்கத்தானே சட்டத் துறை இருக்கிறது என்று நான் பதில் எழுதினேன். அவளைச் சேர்க்காவிட்டால் கையெழுத்துப் போட மாட்டேன் என்றும் எழுதினேன். இரண்டு நிறுவனங்களும் பேசி முடிக்கப் பல மாதம் ஆனது. நடுவில் தோழியே அலுத்துப்போய், “விடுட்டி, எம்பேரு இல்லாட்டா என்ன, கம்பி அறுந்தா கரண்டு நிக்குதுல்லா” என்றாள். நான் விடவில்லை.

இப்போது அந்த முறை வேறு ஊர்களின் மின்பாதைகளிலும் ஓடுகிறது. வெளிநாட்டுப் பொறியாளர்கள் இணையக் கூட்டத்தில் கேள்வி கேட்டால் என் மாடி அறையிலிருந்து நாங்கள் இருவரும் சேர்ந்தே பதில் சொல்கிறோம். காப்புரிமைத் தாளில் அவள் பெயர் முதலில் இருக்கிறது, என் பெயர் இரண்டாவதாக. அப்படித்தான் போடச் சொன்னேன்.